அம்மாவோட அஞ்சு மூட்டை: டெல்லி பயணக் குறிப்பு

ஜனவரி 3, வெள்ளி – கோவில்பட்டி

ராத்திரி ஒன்பதே முக்காலுக்குத்தான் ட்ரெயின். அம்மா மத்தியானம் மூணு மணிக்கே மூட்டையெல்லாம் தூக்கி வாசல் திண்ணையில வரிசையா வச்சிருச்சு. மொத்தம் அஞ்சு. எனக்கு ஒரே ஒரு பேக்குதான். டெல்லியில இருக்க தங்கச்சிக்கு கல்யாணமாகி ஒன்பது வருசம் கழிச்சு இப்பதான் பிரசவம், முறைப்படி பார்த்தா அவதான் நம்ம வீட்டுக்கு வரணும், ஆனா ஏழாம் மாசத்துக்கு மேல ட்ராவலே வேண்டாம்னு டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டாங்க. "அவ வரலன்னா என்ன, நான் போறேன், அடுப்பு எங்க இருந்தா என்ன"ன்னு அம்மா அன்னைக்கே முடிவு பண்ணிருச்சு. அம்மாவுக்கு 68 வயசு. மதுரை, திருச்செந்தூர், மிஞ்சிப் போனா சென்னை, அதத் தாண்டி எங்கயும் போனதில்ல. கொண்டு போய் விட்டு ரெண்டு வாரம் கூட இருந்துட்டு வரலாம்னு நான் லீவு போட்டேன்.

மூட்டையப் பிரிச்சுப் பாத்தா உடன்குடி கருப்பட்டி நாலு கிலோ, செக்குல ஆட்டுன நல்லெண்ணெய் மூணு லிட்டர், மலைப்பூண்டு, இட்லி அரிசி, பால்சுறா கருவாடு நாலு கவர் போட்டுக் கட்டி, அப்புறம் எவர்சில்வர் டப்பால பிரசவ மருந்து. அந்த மருந்து கிண்டினத நான் பக்கத்துல நின்னு பார்த்தேன். சுக்கு, மிளகு, திப்பிலி, கண்டந்திப்பிலி, சித்தரத்தை, ஓமம், சீரகம் எல்லாத்தையும் தனித்தனியா வறுத்து இடிச்சு சலிச்சு, கருப்பட்டிப் பாகுல போட்டு நல்லெண்ணெயும் நெய்யும் விட்டுக்கிட்டே கிண்டணும், சட்டியில ஒட்டாம எண்ணெய் கக்கி வர்ற வரைக்கும் கைய எடுக்கக் கூடாது. ரெண்டு மணி நேரம் ஆச்சு. என்னோட ரெண்டு பிரசவத்துக்கும் இதே மருந்த அம்மா ஒத்தக் கையால கிண்டினது ஞாபகம் இருக்கு. இந்தத் தடவ கரண்டிய கை மாத்தி மாத்திப் பிடிச்சுச்சு, நடுவுல ஒரு தடவ சுவத்துல சாஞ்சு நின்னுச்சு. நான் குடு நான் கிண்டுறேன்னதுக்கு "பதம் உனக்குத் தெரியாது"ன்னு சொல்லிருச்சு.

அஞ்சாவது மூட்டைல அப்பாவோட பழைய வேட்டி. அப்பா போயி ஆறு வருசமாச்சு. துவச்சுத் துவச்சு பூ மாதிரி ஆன நாலு வேட்டிய சதுரம் சதுரமா கிழிச்சு, வெயில்ல காயப்போட்டு, மடிச்சு வச்சிருக்கு. பிறக்கப் போற பிள்ளைக்கு முதத் துணி.

ஜனவரி 4, சனி – சென்னை

காலையில எழும்பூர்ல இறங்கி சித்தி வீட்டுல குளிச்சு தூங்கி எந்திரிச்சதுலயே பகல் போச்சு. சொல்ல ஒண்ணுமில்ல, ஒரு விசயம் தவிர. டெல்லி ட்ரெயினுக்கு ரெண்டு ராத்திரி ஒரு பகல்தான், சாப்பாடு ட்ரெயின்ல வாங்கிக்கலாம்னு நான் சொன்னேன். அம்மா சித்தி வீட்டு அடுப்படில நின்னு மூணு நாளைக்குக் கட்டிருச்சு. இட்லில மிளகாப்பொடியும் நல்லெண்ணெயும் தடவி வாழை இலைல முப்பது, புளியோதரை ஒரு தூக்கு, பால் ஊத்தி உறைய வச்ச தயிர் சாதம், தக்காளித் தொக்கு. எதுக்கும்மா இவ்வளவுன்னு கோபமாவே கேட்டேன். பதிலே சொல்லல, தூக்குச்சட்டி மூடிய அமுக்கி மூடிட்டு இருந்துச்சு.

ராத்திரி பத்து மணிக்கு சென்ட்ரல்ல தமிழ்நாடு எக்ஸ்பிரஸ்.

ஜனவரி 5, ஞாயிறு – ட்ரெயின்ல

காலையில முழிச்சப்ப வாரங்கல் தாண்டியாச்சு. வெளிய பருத்திக் காடு. அம்மா ஜன்னல்ல நெத்திய ஒட்டிக்கிட்டு "இங்கயும் கரிசல்தான்ட்டி"ன்னு சொல்லுச்சு, அதுக்கப்புறம் பல்லார்ஷா வர்ற வரைக்கும் மண்ணையே பார்த்துட்டு வந்துச்சு.

எதிர் சீட்டுல சாத்தூர்ப் பக்கத்துத் தம்பி ஒருத்தர், ராணுவத்துல இருக்காரு, லீவு முடிஞ்சு திரும்புறாரு. அம்மா முதல்ல கேட்ட கேள்வி பேரு இல்ல, ஊரு இல்ல, "உங்க அம்மா என்னய்யா கட்டிக் குடுத்தா?" அவரு கொஞ்ச நேரம் சிரிச்சுட்டு ஒரு டப்பாவ எடுத்துக் காமிச்சாரு, அதிரசம். பதினோரு மாசம் கழிச்சு ஊருக்கு வந்தவருக்கு அவங்கம்மா அடுப்படிய விட்டே வரலையாம், இருபது நாளும் எதையாவது செஞ்சுக்கிட்டே இருந்தாங்களாம், பேசக்கூட நேரமில்லன்னு கொஞ்சம் வருத்தமா சொன்னாரு. அம்மா, "அதுதான் அவ பேச்சுய்யா"ன்னு சொல்லி இலைய விரிச்சு நாலு இட்லி வச்சு நீட்டுச்சு.

பக்கத்து சீட்டுகள்ல குவாலியர் போற குடும்பம். அவங்க பூரி, உருளைக்கிழங்கு, மாங்கா ஊறுகா பிரிச்சாங்க, பிரிச்ச உடனே எங்களுக்கு ரெண்டு பூரி ஒரு பேப்பர்ல வந்துருச்சு, கேக்கல கொள்ளல. அந்த வீட்டுப் பொண்ணுக்கு அம்மா கடலைமிட்டாய் குடுத்துச்சு. சாத்தூர் தம்பி ஹிந்தில, இது இவங்க ஊரு மிட்டாய், 2020-ல புவிசார் குறியீடு வாங்குனதுன்னு எடுத்துச் சொன்னாரு, அந்தப் பொண்ணோட அப்பா ஒரு துண்ட வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பார்த்துட்டு சாப்பிட்டாரு.

மத்தியானம் நாக்பூர். ஆரஞ்சு டஜன் நூறு ரூபா. ஒண்ணு உரிச்சா பொட்டி முழுக்க வாசம். அந்த வாசத்துக்கு நான் ரொம்ப நன்றியோட இருந்தேன், ஏன்னா போபாலுக்கு முன்னாடி கருவாட்டு வாசம் கசிய ஆரம்பிச்சிருச்சு. நாலு கவரையும் தாண்டி. மேல் பெர்த்துல இருந்தவரு மூக்கப் பொத்திக்கிட்டு கீழ பார்த்தாரு, எனக்கு அவமானமா போச்சு. அம்மா எதுவும் பேசல. தன் ஸ்வெட்டரக் கழட்டி கருவாட்டுப் பொட்டலத்தச் சுத்தி, அதுக்கு மேல அந்தப் பையக் கட்டி கதவுப் பக்கம் கொண்டு வச்சுட்டு வந்துச்சு. ஸ்வெட்டர் அது ஒண்ணுதான் கொண்டு வந்தது. "தாய்ப்பாலுக்கு அதவிட ஒண்ணு கிடையாது"ன்னு மட்டும் சொல்லுச்சு, அதுக்கப்புறம் சேலத் தலைப்ப இழுத்து மூடிக்கிட்டு உக்காந்திருந்துச்சு. என் சால்வையக் குடுத்தேன்.

ஜனவரி 6, திங்கள் – எங்கயோ வழில, அப்புறம் டெல்லி

காலை ஆறரைக்கு டெல்லி போயிருக்கணும். ஆறரைக்கு மொரேனாவுல நிக்கோம். ஜன்னலுக்கு வெளிய ஒண்ணுமே இல்ல, வெள்ளைத் துணி கட்டுன மாதிரி பனி. அடுத்த தண்டவாளம்கூடத் தெரியல. அடுத்து சம்பல் ஆத்துப் பாலம்னு தம்பி சொன்னாரு, பாலத்துல ட்ரெயின் சத்தம் மாறுனத வச்சுத்தான் ஆறு வந்துச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டோம். ஜனவரில இந்தப் பக்கம் இப்படித்தானாம், சிக்னல் கண்ணுக்குத் தெரியாம டிரைவர் மெதுவாத்தான் உருட்ட முடியுமாம். தோல்பூர் தாண்டி வயக்காட்டு நடுவுல திரும்ப நின்னுருச்சு.

எட்டரைக்கு மாப்பிள்ளை போன். விடியக்காலம் நாலு மணிக்கே வலி வந்து ஆஸ்பத்திரில சேர்த்தாச்சாம், டேட்டுக்கு இன்னும் பத்து நாள் இருந்துச்சு. அம்மாகிட்ட சொன்னேன். எழுந்து நின்னுச்சு. நின்னு என்ன பண்றது, போறதுக்கு இடமில்ல, திரும்ப உக்காந்துருச்சு. மருந்து டப்பாவ மூட்டைல இருந்து எடுத்து மடில வச்சுக்கிட்டுச்சு. வாய் மட்டும் முணுமுணுன்னு அசையுது, செண்பகவல்லி அம்மன் பேரு மட்டும் காதுல விழுந்துச்சு. ஒன்பதே காலுக்கு திரும்ப போன், பொம்பளப் பிள்ளை, ரெண்டே முக்கால் கிலோ, சுகப்பிரசவம். நான் அழுதுட்டேன். குவாலியர்ல இறங்கிப் போன குடும்பம் விட்டுட்டுப் போன பேப்பர் டம்ளர் ஒண்ணு ஜன்னல் மேடைல ஆடிக்கிட்டு இருந்துச்சு, அது எதுக்கோ நல்லா ஞாபகம் இருக்கு. அம்மா போன வாங்கி, "மாப்ள, அவளுக்கு வெந்நி குடுக்கச் சொல்லுங்க, பச்சத் தண்ணி வேண்டாம், காலுக்கு ஏதாச்சும் போத்தி விடுங்க"ன்னு சொல்லிட்டு, பிள்ளையப் பத்தி ஒரு வார்த்த கேக்கல.

பேன்ட்ரில காலையிலயே எல்லாம் தீந்து போச்சு. டீ மட்டும். பகல் பன்னண்டுக்கு பொட்டில பாதிப் பேரு பிஸ்கட்டும் தண்ணியுமா உக்காந்திருந்தாங்க. அம்மா புளியோதரைத் தூக்கத் திறந்துச்சு. மேல் பெர்த்துக்காரரு (மூக்கப் பொத்துனவரு) வேண்டாம்னு கையாட்டுனாரு, அம்மா விடல, பேப்பர் தட்டுல வச்சு மேல நீட்டிக்கிட்டே நின்னுச்சு, கை வலிக்குமேன்னுதான் அவரு வாங்கியிருப்பாரு. வாங்கி, ரெண்டாவது தடவ அவரே தட்ட நீட்டுனாரு. பதினோரு பேரு சாப்பிட்டாங்க அந்தத் தூக்குல இருந்து. சென்னையில நான் கோபப்பட்டது நெஞ்சுல குத்திக்கிட்டே இருந்துச்சு.

மூணே முக்காலுக்கு புதுடெல்லி. ஒன்பது மணி நேரம் லேட். போர்ட்டர் ஐநூறு கேட்டு முந்நூறுக்கு ஒத்துக்கிட்டாரு. வீட்டுக்குப் போயி குளிச்சுட்டுப் போலாம்னு சொன்னேன், அம்மா மூட்டையோட நேரா ஆஸ்பத்திரின்னுருச்சு.

வார்டு வாசல்ல செக்யூரிட்டி ஒருத்தர் கை நீட்டி நிறுத்துனாரு. அம்மா அத பார்க்கவே இல்ல, கோயில் வாசல்ல கழட்டுற மாதிரி செருப்பக் கழட்டி ஓரமா விட்டுட்டு நின்னுச்சு. எட்டு டிகிரி குளிரு, வெறுங்கால் தரைல. அந்த ஆளு கொஞ்ச நேரம் அந்தக் காலப் பார்த்தாரு, அப்புறம் செருப்ப அவரே எடுத்து தன் நாற்காலிக்கு அடியில வச்சுட்டு உள்ள போங்கன்னு கை காமிச்சாரு.

தொட்டில் கதவுப் பக்கம் இருந்துச்சு, அதத் தாண்டித்தான் கட்டிலுக்குப் போகணும். அம்மா தொட்டிலத் தாண்டிப் போயி, போர்வைய விலக்கி தங்கச்சி பாதத்தத் தொட்டுப் பார்த்துச்சு. "சில்லுன்னு இருக்கே"ன்னு ரெண்டு உள்ளங்கையாலயும் தேச்சு விட ஆரம்பிச்சிருச்சு. தங்கச்சி, அம்மா பாப்பாவப் பாரும்மான்னா. "பாக்கேன், எல்லாரும் அவளத்தான பாக்கப் போறாக"ன்னு தேச்சுக்கிட்டே இருந்துச்சு. பத்து நிமிசம் கழிச்சு கை கழுவிட்டு வந்துதான் பேத்திய வாங்குச்சு. அப்பாவோட வேட்டித் துணியில.

ஜனவரி 8, புதன் – ஆர்.கே.புரம் பக்கம்

டிஸ்சார்ஜ். தங்கச்சி வீடு மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாது, 54 படி. அம்மா கைப்பிடியப் பிடிச்சு, ஒவ்வொரு படியிலயும் ரெண்டு காலையும் சேர்த்து வச்சு நின்னு ஏறுச்சு. இறங்கும்போது பக்கவாட்டுல திரும்பிக்கிட்டு இறங்குது. முட்டி இவ்வளவு மோசமா இருக்கறத எங்ககிட்ட சொன்னதே இல்ல, ஊர்ல நம்ம வீடு தரையோட இருக்கறதால தெரியவும் இல்ல. நான் வாரா வாரம் போன் பண்றேன், நல்லாருக்கேன்னு ஒரு பதில், அதோட வச்சிருவேன்.

டாக்டர் சொன்னதுல மூணு விசயம் அம்மாவோட பழக்கத்துக்கு நேர் எதிரு. ஆறு மாசத்துக்கு தாய்ப்பால் தவிர ஒரு சொட்டு தண்ணிகூட குழந்தைக்குக் கூடாது. தொப்புள் கொடி விழற வரைக்கும் துடைச்சு விட்டாப் போதும், குளிப்பாட்டக் கூடாது. பெத்தவ தண்ணிய குறைக்கக் கூடாது, நல்லா குடிக்கணும். நான் சண்டை வரும்னு பயந்தேன். அம்மா முழுசும் கேட்டுச்சு, மாப்பிள்ளைய ரெண்டாவது தடவ சொல்லச் சொல்லி கேட்டுச்சு. ராத்திரி பார்த்தா உரை மருந்து வச்சிருந்த துணி முடிச்சு (வசம்பு, ஜாதிக்காய், மாசிக்காய், உரசுற கல்லு) திரும்ப மூட்டைக்கு அடியில போயிருந்துச்சு. என்னையும் தங்கச்சியையும் அத உரசித்தான் வளர்த்துச்சு, என் பிள்ளைங்களுக்கும் நாக்குல தடவியிருக்கு. ஒரு வார்த்த முனங்கல. "தண்ணிய நல்லா குடிக்கச் சொன்னாகல்ல, அப்ப சுக்கு வெந்நியா குடிக்கட்டும்"ன்னு வழிய அதுவே கண்டுபிடிச்சுக்கிட்டுச்சு. பிரசவ மருந்தையும் டாக்டர்கிட்ட காமிச்சு, காலைல சின்ன நெல்லிக்கா அளவு சாப்பிடலாம்னு கேட்டுக்கிட்ட பிறகுதான் குடுத்துச்சு.

ஜனவரி 9, வியாழன்

மாவு புளிக்கல. நேத்து மத்தியானம் அரைச்சது, பதினெட்டு மணி நேரம் ஆகியும் ஆட்டி வச்ச கோலத்துலயே கிடக்கு. அம்மா மூடியத் திறந்து திறந்து பார்த்து முகம் வாடிப் போச்சு. கோவில்பட்டில ஆறு மணி நேரத்துல பொங்கி வழியுமே, இந்தக் குளிர அதுக்குத் தெரியாதே. மத்தியானம் வரைக்கும் யோசிச்சு, வெந்நி பாட்டில் ஒண்ண மாவுச் சட்டிக்கு ஒரு பக்கம் அணைச்சு வச்சு, மேல தனக்குக் குடுத்த ரஜாயப் (பஞ்சு வச்சுத் தச்ச கனத்த போர்வை) போர்த்தி விட்டுருச்சு. ராத்திரி எழுந்து பார்த்தா மாவு ரஜாய்க்குள்ள இருக்கு, அம்மா மெல்லிசுப் போர்வைல சுருண்டு கிடக்கு. நான் என் ரஜாய்க்குள்ள இழுத்துக்கிட்டேன். சின்னப் பிள்ளைல அம்மாவக் கட்டிக்கிட்டுத் தூங்குன பிறகு இப்பதான். அந்த உடம்பு இவ்வளவு சிறுத்துப் போயிருக்கும்னு நான் நினைக்கவே இல்ல, தோள் எலும்பு கையில தட்டுப்படுது.

காலையில மாவு பொங்கியிருந்துச்சு. முத ஈடு இட்லி தங்கச்சிக்கு, பூண்டும் மிளகும் அரைச்சு விட்ட குழம்போட.

ஜனவரி 10, வெள்ளி

பக்கத்து வீட்டுல ஹரியானாவுல ரோத்தக் பக்கத்துப் பாட்டி ஒருத்தர் இருக்காங்க, வயசு எழுபதுக்கு மேல இருக்கும். இட்லிய வாசம் பிடிச்சுட்டுத்தான் வந்தாங்களோ என்னவோ, கையில ஒரு டப்பாவோட வந்தாங்க. பெத்தவளுக்குன்னு கோந்த் லட்டு. அம்மாவுக்கு ஹிந்தி தெரியாது, அவங்களுக்குத் தமிழ் தெரியாது. அம்மா ஒரு லட்ட உடைச்சு, உள்ள பொரிஞ்சிருந்த துண்ட எடுத்து நசுக்கி, மோந்து பார்த்து, "ஏட்டி இது பிசினு, கருவேலம்பிசினு!"ன்னு கத்திருச்சு. எங்க கரிசல்ல கருவ மரத்துல வடியுமே அதே பிசின், அத இங்க நெய்யில பொரிச்சு கோதுமை மாவும் சர்க்கரையும் போட்டு உருட்டுறாங்க. அம்மா ஓடிப் போயி (நிஜமாவே முட்டிய மறந்து ஓடுச்சு) மருந்து டப்பாவக் கொண்டு வந்து நீட்ட, அந்தப் பாட்டி நுனி விரல்ல தொட்டு நாக்குல வச்சுட்டு, "சோன்ட். அஜ்வாயின்"ன்னாங்க. "சுக்கு. ஓமம்"ன்னுச்சு அம்மா. ரெண்டு பேரும் அடுப்படில போயி ஒவ்வொரு டப்பாவா திறந்து அவங்கவங்க பாஷைல பேரு சொல்லிக்கிட்டே நின்னாங்க, நான் மொழிபெயர்க்கப் போனேன், தேவையே இல்ல.

சாயங்காலம் திரும்ப வந்தாங்க, ஒரு கிண்ணத்தோட. கம்ப இடிச்சு பாசிப்பருப்பு போட்டு வேக வச்ச கிச்சடி, நடுவுல குழி பண்ணி நெய். இது பெத்தவளுக்கு இல்ல, உனக்குன்னு அம்மாவோட நெஞ்சத் தொட்டுக் காமிச்சாங்க. அம்மா ஒரு வாய் வச்சுட்டு அப்படியே உக்காந்துருச்சு. "எங்காத்தா ஆக்குற கம்பஞ்சோறுட்டி இது." கிண்ணத்த வழிச்சு சாப்பிட்டுச்சு. வந்து அஞ்சு நாள்ல அம்மா உக்காந்து நிதானமா சாப்பிட்டு நான் பார்த்தது அதுதான். மத்த நேரமெல்லாம் அடுப்படில நின்னுக்கிட்டே, மிஞ்சுனது. அஞ்சு நாளா நாங்க மூணு பேரு அந்த வீட்டுல இருந்தோம், அம்மாவுக்கு என்ன வேணும்னு யாரும் கேக்கல. பக்கத்து வீட்டுக்காரங்க கேட்டாங்க.

ஜனவரி 11, சனி – ஐ.என்.ஏ. மார்க்கெட்

நம்ம ஊரு காய் வேணும்னா ஐ.என்.ஏ. போகணும்னு மாப்பிள்ளை சொன்னாரு. வாழைப்பூ, சேனை, முருங்கை, கட்டுக் கட்டா கறிவேப்பிலை, எல்லாம் இருக்கு, விலைதான் கண்ணுல தண்ணி வருது. முருங்கைக்காய் கால் கிலோ எண்பது, சின்ன வெங்காயம் கிலோ 160, பூண்டு நானூறு. அம்மா தமிழ்லயே பேரம் பேசுச்சு, கடைக்காரரு ஹிந்தில பேசுனாரு, கடைசில 160 வெங்காயம் 140 ஆச்சு, கூட ஒரு கொத்து கறிவேப்பிலை சும்மா.

வர்ற வழில மலை மந்திர். 1973-ல கும்பாபிஷேகம் ஆன சுவாமிநாத சுவாமி கோயில், சின்னக் குன்று மேல, அடிவாரத்துல தமிழ்ல அர்ச்சனைச் சீட்டு எழுதுற குரலக் கேட்டதும் எனக்கு ஊருக்கு வந்த மாதிரி இருந்துச்சு. அம்மா ஏறல. தீட்டுன்னு சொல்லுச்சு. மகள் வழில உனக்கு என்னம்மா தீட்டுன்னு கேட்டதுக்கு, பிள்ளையத் தொட்டுக்கிட்டு இருக்க கை, நான் இங்கிருந்தே கும்பிட்டுக்கிறேன்னு கீழ உக்காந்துருச்சு. நான் மேல போயிட்டு திரும்பி வந்தப்ப முட்டிய ரெண்டு கையாலயும் நீவி விட்டுக்கிட்டு இருந்துச்சு, என்னப் பார்த்ததும் கைய எடுத்துருச்சு. தீட்டு பாதி, படி பாதின்னு எனக்குப் புரிஞ்சுச்சு. கேக்கல.

ராத்திரி நான் சமைச்சேன். அம்மாவ உக்கார வச்சு, கத்திரிக்கா புளிக்குழம்பும் அப்பளமும். உப்பு கொஞ்சம் தூக்கல்தான். அம்மா ரெண்டு தடவ சோறு வாங்குச்சு.

ஜனவரி 12, ஞாயிறு

ராத்திரி ரெண்டே முக்கால். பாப்பா அழுகை கேட்டு எழுந்தேன், அதுக்குள்ள அம்மா எடுத்துருச்சு. தங்கச்சி பால் குடுத்துட்டு அப்படியே தூங்கிப் போயிட்டா. அம்மா ஹீட்டர் பக்கத்துல முக்காலில உக்காந்து, பிள்ளைய நெஞ்சோட அணைச்சு, ஆராரோ போட்டு அதுவா கட்டுன வார்த்தையெல்லாம் வச்சுப் பாடுது. டில்லிப் பனியே விலகிப் போ, ரயில மறிச்ச பனியே ஒதுங்கிப் போ, எம்பேத்தி தூங்கப் போறான்னு. பாட்டி வரும் முன்னே பிறந்தவளேன்னு ஒரு அடி வந்தப்ப குரல் உடஞ்சிருச்சு. அந்த ரயில்ல ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத அம்மா. நான் கதவுக்கு இந்தப் பக்கமே நின்னுட்டேன்.

ஜனவரி 14, செவ்வாய் – பொங்கல்

மாப்பிள்ளை வீட்டுக்குத் தீட்டு, அதனால கோலம் இல்ல, படையல் இல்ல. ஆனா அம்மா சக்கரப் பொங்கல் வச்சிருச்சு. "சாமி கும்பிடத்தான் கூடாது, மாப்பிள்ளை பொங்கல் சாப்பிட யாரு வேண்டாம்னா?" பச்சரிசி, பாசிப்பருப்பு, கருப்பட்டி. குக்கர்ல தான், பால் பொங்குறதுக்கு மட்டும் தனியா ஒரு சின்னப் பாத்திரம். பொங்குனப்ப குலவை போட வாயக் குவிச்சுச்சு, பிள்ளை தூங்குறது ஞாபகம் வந்து அடக்கிக்கிட்டுச்சு.

பாப்பாவுக்கு இன்னைக்குத்தான் தொப்புள் கொடி விழுந்துச்சு.

பக்கத்து வீட்டுல இன்னைக்கு சங்க்ராத், அதான் மகர சங்கராந்தி. ஹரியானாவுல மருமகள் மாமியாருக்கும் வீட்டுப் பெரியவங்களுக்கும் சால்வை, துணிமணி குடுத்து மரியாத பண்ற நாளாம். மருமகள் மாமியாருக்கு மெரூன் கலர் சால்வை போட்டாங்க, நாங்க வாசல்ல நின்னு பாத்துக்கிட்டு இருந்தோம், பாட்டி மருமகள் காதுல என்னமோ சொல்ல, அந்தப் பொண்ணு உள்ள போயி இன்னொரு சால்வை எடுத்துட்டு வந்து அம்மாவுக்குப் போட்டு விட்டா. கால்லயும் விழுந்தா. அம்மாவுக்கு என்ன பண்றதுன்னு தெரியல, கையில இருந்த பொங்கக் கரண்டியோட ஆசீர்வாதம் பண்ணுச்சு. எனக்கு அந்த இடத்துல ரொம்பக் கனமா இருந்துச்சு. பொங்கலுக்கு அம்மாவுக்கு நான் ஒவ்வொரு வருசமும் சேலை அனுப்புறேன், கூரியர்ல. இந்த மாதிரி போத்தி விட்டது இல்ல.

ஜனவரி 17, வெள்ளி

முதக் குளியல். டாக்டர்கிட்ட போன்ல கேட்டாச்சு, இப்ப குளிப்பாட்டலாம். அம்மா காலையில இருந்தே தயாரு, பாத்ரூம் ஹீட்டர் போட்டு, வெந்நி விளாவி, முழங்கையால சூடு பார்த்து. பலகையப் போட்டு உக்காரப் போச்சு. பாதி தூரம் குனிஞ்சு அப்படியே நின்னுருச்சு. முட்டி மடங்கல. சுவத்தப் பிடிச்சு திரும்பவும் முயற்சி பண்ணுச்சு. என் மகனுக்கு இதே அம்மா தொண்ணூறு நாள் தரைல கால நீட்டி உக்காந்து குளிப்பாட்டுச்சு, 17 வருசத்துக்கு முன்னாடி, ஒரு நாள்கூட விடாம, குளிப்பாட்டிட்டு பிள்ளையத் தூக்கிக்கிட்டே கைய ஊனாம எந்திரிக்கும்.

யாரும் பேசல கொஞ்ச நேரம். அப்புறம் அம்மா என்னப் பார்த்து "நீ உக்காரு"ன்னுச்சு.

நான் பலகைல உக்காந்து சேலைய முழங்காலுக்கு மேல ஏத்தி கால நீட்டுனேன். அம்மா முக்காலில எனக்கு எதிர்ல. பிள்ளைய என் கணுக்கால் பக்கம் தல வர்ற மாதிரி குப்புறப் படுக்க வச்சு, என் கையப் பிடிச்சு எண்ணெயத் தொட வச்சு, முதுகுல மேல இருந்து கீழ, அழுத்தாத, உள்ளங்கைய வை விரல வைக்காத, தலைய இந்தக் கையால தாங்கு, மூஞ்சில தண்ணி படாம கைய அண கட்டுன்னு ஒவ்வொண்ணா சொல்லுச்சு. நான் ரெண்டு பிள்ளை பெத்தவ, ஆனா ஒரு தடவகூட இத நான் செஞ்சதில்ல, அம்மா இருந்துச்சு, செஞ்சுச்சு. தண்ணி ஊத்துனது அம்மா, தாங்குனது நான். பிள்ளை அழல, கண்ண மூடிக்கிட்டு வாயத் திறந்து கொட்டாவி விட்டா. "சரியாப் பிடிச்சிருக்க"ன்னு சொல்லுச்சு அம்மா. நாளைல இருந்து மாப்பிள்ளை கத்துக்கிறேன்னு சொல்லியிருக்காரு, இன்னைக்கே கதவுல நின்னு பார்த்தாரு.

ஜனவரி 18, 19 – திரும்புறது

நான் மட்டும். அம்மா மூணு மாசம் இருக்கும். காலையில எழுந்திரிக்கும்போதே இட்லிப் பொட்டலம் கட்டி ரெடியா இருந்துச்சு, மாவு இன்னைக்கும் ரஜாய்க்குள்ளதான் புளிச்சிருக்கு, ஆனா நேத்து நான் லஜ்பத் நகர்ல அம்மாவுக்குன்னு தனியா இன்னொரு ரஜாய் வாங்கிட்டேன், எழுநூறு ரூபா. கீழ வர வேண்டாம்னு நான் கண்டிப்பா சொன்னதால 54 படியும் இறங்காம பால்கனில நின்னுச்சு, அந்தப் பொண்ணு போட்டு விட்ட சால்வையோட, பக்கத்து பால்கனில அந்தப் பாட்டியும்.

இந்தத் தடவ பனி வழி விட்டுருச்சு. நாக்பூர்ல ஆரஞ்சு டஜன் எண்பது.

ஜனவரி 23, வியாழன் – கோவில்பட்டி

அம்மா போன். தங்கச்சிக்குப் பால் நல்லா ஊறுதாம், பிள்ளை எடை கூடியிருக்காம். கூரியர்ல அனுப்ப சாமான் சொல்லுச்சு, எழுதிக்கிட்டேன்: நல்லெண்ணெய் ரெண்டு லிட்டர், கருப்பட்டி ரெண்டு கிலோ, பூண்டு, வெந்தயம், மாப்பிள்ளைக்கு சாத்தூர் சேவு, ரோத்தக் பாட்டிக்கு கடலைமிட்டாய் ரெண்டு பாக்கெட், அவங்க மருமகளுக்கு ஒரு நல்ல சுங்குடி சேலை, பச்சை கலர் வேண்டாம். அப்புறம் வேற என்னம்மா, உனக்குன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமில்ல. "கம்பு இங்கயே கெடைக்குதுட்டி"ன்னு சொல்லுச்சு.

முட்டிக்குத் தைலம் மூணு பாட்டில், குளிருக்குக் கம்பளிச் சாக்ஸ் ரெண்டு ஜோடி நானே சேத்துப் போட்டேன். எட்டு கிலோ நூறு கிராம் வந்துச்சு.